மால்டாவில் ஓய்வில் இருக்கும் மிஷன் ஃபாதரைப் பார்க்கப் போகிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

திருச்செங்கோடு ரிக்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டித் தொழில் செய்தவன் நான். இப்போது வண்டிகளைப் பையன் பார்த்துக்கொள்கிறான்.

1990களில் எங்கள் ஊர் ஆட்கள் சிலரோடு கென்யாவுக்கு வேலைக்குப் போனேன். வடகிழக்கில் கரிஸ்ஸா என்று ஒரு ஊர், தானா ஆற்றங்கரையில். ஆற்றை விட்டு நகர்ந்தால் முள்ளும் மணலும்தான். சோமாலியாவில் சண்டை மூண்டு, 1991லிருந்து ஜனங்கள் எல்லை தாண்டி வந்து டடாப் முகாம்களில் குவிந்துகொண்டிருந்த நேரம். எங்கே பார்த்தாலும் தண்ணீர்ப் பிரச்சினை. பாறையில் ஹேமர் போட்டு அடித்தே பழகிய கை எங்களுடையது. அங்கே பாறையே கிடையாது, மணலும் களியும் மாறி மாறி வரும், விட்டால் துளை சரிந்துவிடும். சேறு சுழற்றி இறக்குகிற ரோட்டரி முறையை அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன். ஆழம் போய்த் தண்ணீர் கிடைத்தாலும் அது நல்ல தண்ணீரா உப்பா என்பது வெளியே வந்தால்தான் தெரியும்.

அங்கே எனக்குத் துணையாக இருந்தவர் மால்டா தீவிலிருந்து வந்த, கப்புச்சின் என்கிற கத்தோலிக்கத் துறவற சபை ஃபாதர் ஒருவர். கரிஸ்ஸா மறைமாவட்டத்தில் மால்டாக்காரர்கள்தான் நிறையப் பேர் இருந்தார்கள், பிஷப்பே மால்டாக்காரர்தான். எங்களுக்கு இடம் பார்த்துக் கொடுப்பது, ஊர்ப் பெரியவர்களிடம் பேசி வைப்பது, டீசலுக்கு வழி செய்வது எல்லாம் இவர் பொறுப்பு. நான் அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிடுகிறவன். ஃபாதர் என்னிடம் ஒருநாளும் மதம் பேசியதில்லை. அமாவாசைக்கு நான் விரதம் என்று தெரிந்தால் சமையல்காரரிடம் சொல்லி எனக்குச் சப்பாத்தியும் பீன்ஸும் தனியாக வைத்துவிடுவார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். போரில் தண்ணீர் வந்ததும் முதலில் சேறாகத்தான் கக்கும். கம்ப்ரஸர் விட்டுத் தெளிய வைப்போம். உப்பு அளக்க மீட்டர் கையில் இருந்தது. ஆனாலும் ஃபாதர் அங்கியின் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, பைப் வாயில் உள்ளங்கையை நீட்டி ஒரு வாய் பிடிப்பார். உடனே முழுங்க மாட்டார். கண்ணை மூடி வாயிலேயே வைத்திருப்பார். மஞ்சள் கேன்களோடு சுற்றி நிற்கிற பெண்கள் அதுவரை பேசவே மாட்டார்கள். நல்ல தண்ணீர் என்றால் தலையை ஆட்டிவிட்டு, கூட்டத்தில் வயதான அம்மா யார் என்று பார்த்து அவர் கேனை முதலில் நிரப்பச் சொல்வார். உப்பு என்றால் துப்பிவிட்டு என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நிற்பார். உப்புத் துளைக்கும் எனக்குப் பேசிய பணம் முழுசாக வந்துவிடும்.

இப்போது அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. மால்டாவில் ஃப்ளோரியானா என்கிற ஊரில் சபை மடத்தில் இருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிதான். கூட இருக்கும் இளம் பிரதர் ஒருவர் வாட்ஸ்அப்பில் பேச வைப்பார். சில நாள் என்னை நன்றாக அடையாளம் தெரிகிறது, சில நாள் தெரியவில்லை. அதனால்தான் தள்ளிப் போட வேண்டாம் என்று வீட்டம்மாவும் நானும் கிளம்ப முடிவு செய்திருக்கிறோம். கரிஸ்ஸாவில் மருந்தகம் பார்த்த சிஸ்டர் ஒருவரும் இருக்கிறார், அவர் மால்டாவை ஒட்டின கோசோ தீவில் கன்னியர் மடத்தில். என் மலேரியாவைப் பார்த்துக் குணப்படுத்தியவர். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

விசா எப்படி? எந்த மாதம் போவது நல்லது? மடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், என்ன எடுத்துப் போகலாம்? சக்கர நாற்காலியோடு கோசோவுக்குக் கூட்டிப் போக முடியுமா? ஊர் சுற்றுவது எங்களுக்கு இரண்டாம் பட்சம்தான். ஆனால் அவர் பிறந்த ஊரை அவரோடு கொஞ்சம் பார்த்தால் சந்தோஷப்படுவார் இல்லையா.

கோவை டிராவல்ஸ்காரர்

விசாவை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன் அண்ணா. மால்டா ஷெங்கன் நாடு, அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளில் ஒன்று, உங்களுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்னால் கொடுத்தாக வேண்டும். முடிவு வர 15 நாள் என்பது கணக்கு, கூடுதல் பேப்பர் கேட்டால் 45 நாள் வரை இழுக்கும். ஆகவே இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலைப்படாதீர்கள். வருமான வரி ரிட்டர்ன், வங்கி ஸ்டேட்மென்ட், வண்டிகளின் ஆர்.சி., நிலம் இருந்தால் பட்டா, இதெல்லாம் நீங்கள் ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கு அத்தாட்சி. கடைசி நேரத்தில் கணக்கில் மொத்தமாகப் பணம் போடுவது மட்டும் வேண்டாம், அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். மடத்திலிருந்து அழைப்புக் கடிதம் வாங்குங்கள். அதில் எப்படிப் பழக்கம், எத்தனை வருடப் பழக்கம், எங்கே தங்குவீர்கள் என்று தெளிவாக இருக்கட்டும். கரிஸ்ஸாவில் சேர்ந்து எடுத்த பழைய போட்டோ இருந்தால் நகல் வையுங்கள். சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது, துபாய் அல்லது இஸ்தான்புல் வழியாகப் போகலாம்.

மார்த்தாண்டம் ஜெஸி

அண்ணா, நான் மால்டாவில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். எங்கள் வார்டிலும் ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழ்நாளைக் கழித்துவிட்டுத் திரும்பிய சிஸ்டர்கள் இருக்கிறார்கள். நீங்கள் எழுதியதைப் படித்ததும் அவர்கள் முகம்தான் வந்தது. சொந்தத் தீவுக்கே திரும்பினாலும் அவர்கள் வேலை செய்த ஊர்க்காரர் ஒருவர் தேடி வந்து பார்ப்பது அபூர்வம். கண்டிப்பாக வாருங்கள்.

முதல் காரியம், அழைப்பு விஷயத்தை ஃபாதரிடம் மட்டும் பேசி வைக்காதீர்கள். கப்புச்சின் மடத்துத் தலைவரை கார்டியன் என்பார்கள். அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மடத்தில் வெளியாட்கள் தங்க அறை இருக்குமா என்பது மடத்துக்கு மடம் மாறும், அதிலும் நீங்கள் அக்காவோடு வருகிறீர்கள். பக்கத்தில் விடுதி எடுத்துக்கொண்டால் அவர்களுக்கும் சங்கடம் இல்லை, உங்களுக்கும் சுதந்திரம். ஃப்ளோரியானா தலைநகர் வலேட்டாவின் கோட்டை வாசலை ஒட்டின ஊர். தீவின் முக்கால்வாசி பஸ்ஸும் அந்த வாசலில் வந்துதான் நிற்கும், எங்கே போகவும் வசதி.

பார்க்கும் நேரம் காலை பத்துக்கு மேல் வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தூங்குவார்கள், அப்போது எழுப்பினால் அன்று முழுக்கக் குழப்பமாக இருப்பார். ஒரே மூச்சில் நாலு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் ஒரு மணி நேரம் போங்கள். உள்ளே போனதும் ‘என்னைத் தெரிகிறதா’ என்று கேட்க வேண்டாம் அண்ணா. தெரியவில்லை என்றால் அவர் மனது கஷ்டப்படும். உங்கள் பெயரையும் கரிஸ்ஸாவையும் நீங்களே சொல்லிவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய போட்டோக்களைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்து வாருங்கள், போன் திரை அந்த வயசுக் கண்ணுக்கு ஆகாது. நீங்கள் இருவரும் ஸ்வாஹிலியில் பேசினீர்களா? அப்படியென்றால் அதிலேயே ஆரம்பியுங்கள். எங்கள் வார்டில் ஒரு சிஸ்டர் காலையில் என்ன சாப்பிட்டார் என்பதை மறந்துவிடுவார், ஸ்வாஹிலிப் பாட்டு மட்டும் ஒரு வரி பிசகாமல் வரும்.

தின்பண்டம்: பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு வர விட மாட்டார்கள். பால்கோவா, நெய் பாட்டில் எல்லாம் வேண்டாம். முறுக்கு அவர் பல்லுக்கு ஆகாது. விழுங்குவதில் சிரமம் இருக்கிறதா, சர்க்கரை உண்டா என்று அந்தப் பிரதரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல பருத்தித் துண்டோ போர்வையோ கொண்டு வந்தால் தினமும் பயன்படும். ஈரோடு போர்வை என்றால் இன்னும் விசேஷம்.

மாதம் என்றால் ஏப்ரல், மே, இல்லை அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும், டூரிஸ்ட் கூட்டமும் தாங்காது. குளிர்காலத்தில் வெளியே பத்துப் பதினைந்து டிகிரி இருந்தாலும் கல் வீடுகளுக்குள் ஈரக் குளிர் எலும்பில் ஏறும்.

கோசோவுக்கு அவரைக் கூட்டிப் போகலாம், டாக்டரும் கார்டியனும் சரி என்றால். வலேட்டாவிலிருந்து வேகப் படகு உண்டு, முக்கால் மணி நேரம்தான், ஆனால் காற்று அடித்தால் ரத்து செய்துவிடுவார்கள், ஆட்டமும் அதிகம். வடக்கு முனையில் சிர்கெவ்வாவிலிருந்து போகிற பெரிய கப்பல் அவருக்கு நல்லது. நாற்காலி ஏறும் வண்டியாக அமர்த்தினால் வண்டியோடு கப்பலில் ஏறிவிடலாம். கடல் வழி 25 நிமிடம். கட்டணத்தைக் கோசோவிலிருந்து திரும்பும்போதுதான் வாங்குவார்கள். அவரால் முடியாது என்றால் சிஸ்டரை இந்தப் பக்கம் அழைத்து வர முடியுமா என்று அந்த மடத்தில் கேளுங்கள். நடக்கிறவர் என்றால் அதுதான் சுலபம்.

தூத்துக்குடி மாலுமி

அண்ணாச்சி, நான் கப்பலில் எஞ்சினியர். மால்டாவில் எங்கள் கப்பல் ட்ரை டாக்கில் நின்றபோது ஊரை நன்றாகச் சுற்றியிருக்கேன். உங்கள் ஃபாதரோடு பார்க்க ஃப்ளோரியானாவே போதும். அந்த மடம் 1588ல் வந்தது, மால்டாவில் கப்புச்சின்காரர்களின் முதல் மடம். பக்கத்திலேயே புனித புப்ளியுஸ் கோயில். முன்னால் பெரிய கல் மைதானம், அதில் வட்ட வட்டமாகக் கல் மூடிகள். பாறையைக் குடைந்து தானியம் கொட்டி வைத்த குழிகள் அவை. முற்றுகை வந்தால் சாப்பாடு வேண்டுமே என்று அப்போது தீவை ஆண்ட புனித யோவான் மாவீரர் சபை என்கிற கத்தோலிக்கப் போர்வீரர்கள் காலத்தில் தோண்டியது. 1565ல் துருக்கியர் முற்றுகையில் பட்ட பாடு அவர்களுக்கு மறக்கவில்லை. 2010ல் போப் பதினாறாம் பெனடிக்ட் பூசை வைத்ததும் அந்த மைதானத்தில்தான். சமதளம், நாற்காலியைத் தாராளமாகத் தள்ளலாம்.

புப்ளியுஸ் யாரென்றால், பவுல் அடிகளைத் தன் வீட்டில் வைத்து உபசரித்த தீவுத் தலைவர். பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் கடைசி இரண்டு அதிகாரம் வாசித்துவிட்டுப் போங்கள் அண்ணாச்சி, சாமி கும்பிடுகிறவர் என்றாலும் உங்களுக்குப் பிடிக்கும். கோதுமை ஏற்றின கப்பல், 276 பேர், பதினாலு ராத்திரி புயல். நடுராத்திரியில் மாலுமிகளுக்குக் கரை நெருங்குகிறது என்று தோன்றுகிறது. ஈயக்குண்டு விட்டு ஆழம் பார்க்கிறார்கள், இருபது பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி). கொஞ்சம் போய் மறுபடி விடுகிறார்கள், பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடுவோம் என்று பின்பக்கத்திலிருந்து நாலு நங்கூரம் போட்டுவிட்டு விடியலுக்குக் காத்திருக்கிறார்கள். கடல் தெரிந்தவன் சொன்ன கணக்கு அது, வாசிக்கும்போதே வயிற்றைப் பிசையும். விடிந்ததும் கப்பல் உடைந்து எல்லாரும் நீந்தியும் பலகையைப் பிடித்தும் கரையேற, தீவுக்காரர்கள் மழையிலும் குளிரிலும் நெருப்பு மூட்டிச் சேர்த்துக்கொள்கிறார்கள். புப்ளியுஸின் அப்பாவுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும், பவுல் கை வைத்துக் குணமாக்குகிறார். மால்டாக்காரன் எவனைக் கேட்டாலும் தன் வீட்டில் நடந்தது போலச் சொல்வான். பிப்ரவரி 10 அந்த நினைவுத் திருநாள், வலேட்டாவில் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய பவனி.

வலேட்டாவில் ஒரே ஒரு இடம் பார்ப்பதென்றால் புனித யோவான் பேராலயம். தரை முழுக்கப் பளிங்குக் கல்லறைகள், ஏறத்தாழ நானூறு. குதிகால் கூர்மையான செருப்பு போட்டால் உள்ளே விட மாட்டார்கள், தரை கெட்டுவிடுமாம். உள்ளே இத்தாலிய ஓவியர் கராவாஜ்ஜியோ 1608ல் வரைந்த யோவான் தலை வெட்டப்படும் படம் சுவரளவு பெரிது. அவர் கையெழுத்திட்ட ஒரே படம் அதுதான், வழிந்து கிடக்கிற ரத்தத்திலேயே பெயரை எழுதியிருக்கிறார். நான் பக்கத்துப் பெஞ்சில் வெகு நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

மற்றபடி பாவுலா ஊரில் நிலத்தடிக் கல்லறை ஒன்று உண்டு, ஹைபோஜியம். பல வாரம் முன்னால் பதிந்தால்தான் கிடைக்கும், பத்துப் பத்துப் பேராகத்தான் விடுவார்கள். படிக்கட்டு என்பதால் ஃபாதருக்கு ஆகாது.

கிணறு குமரன்

ரிக் அண்ணா, உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். நான் நிலத்தடி நீர் படித்தவன், மால்டா எங்கள் பாடத்திலேயே வரும். அந்தத் தீவில் ஆறும் கிடையாது, ஏரியும் கிடையாது. முழுக்கச் சுண்ணாம்புக் கல். பெய்கிற மழை கல்லின் வெடிப்பு வழியாக இறங்கி, அடியில் ஊறி நிற்கிற கடல் உப்புத் தண்ணீரின் மேல் பாலின் மேல் ஏடு போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் நல்ல தண்ணீர் இருக்கும். மேலே கொஞ்சம் உறிஞ்சினாலும் கீழேயிருந்து உப்பு ஏறி வரும். நம் ஊரில் தண்ணீர் குறைந்தால் இன்னும் ஐம்பது அடி இறக்கு என்போம். அங்கே இறக்கினால் கதை முடிந்தது.

அதனால் ஆழமாகக் குத்தாமல், கீழே இறங்கி, கடல் மட்டத்தை ஒட்டிப் படுக்கை வாட்டில் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள், கிலோமீட்டர் கணக்கில். மேலாக்க வழித்தெடுக்கிற மாதிரி ஏற்பாடு. இன்னொரு அடுக்கும் உண்டு: மேற்கே ரபாத், டிங்லி மேட்டுப் பகுதியில் நீலக் களிமண் படுகை ஒன்று மழைநீரைக் கீழே விடாமல் தாங்கிப் பிடிக்கிறது, அங்கே ஊற்றுகள் கசியும். 1610ல் தொடங்கி 1615ல் முடித்த விக்னகோர்ட் கால்வாய் அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் வலேட்டாவுக்குக் கொண்டு வந்தது. பள்ளமான இடங்களில் கல் வளைவுகள் மேல் ஓடியது, இன்றும் பிர்கிர்காரா பக்கம் சாலையோரம் அந்த வளைவுகளைப் பார்க்கலாம். அந்தக் கால்வாயின் தண்ணீர்க் கோபுரம் ஒன்று ஃப்ளோரியானாவிலேயே நிற்கிறது. ஃபாதர் இருக்கும் ஊர்! அதற்கு முன் 1566ல் வலேட்டா நகரம் கட்ட ஆரம்பித்தபோதே வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி இருக்க வேண்டும் என்று சட்டம்.

இப்போது குடிநீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது. மீதிக்கு நிலத்தடி நீரைக் கலக்கிறார்கள். போர் ஆயிரக்கணக்கில் போட்டு உப்பு ஏறிப்போன பகுதிகளும் உண்டு, அது அவர்களுக்குப் பெரிய கவலை.

உங்கள் ஃபாதர் தண்ணீரை வாயில் வைத்து உப்புப் பார்த்தது கரிஸ்ஸாவில் கற்றதாக இருக்காது அண்ணா. இந்தத் தீவில் வளர்ந்தவருக்கு அது சின்ன வயசிலேயே வந்திருக்கும் என்பது என் எண்ணம். கேட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சொல்வார்.

திருச்செங்கோடு ரிக்

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ஜெஸி அம்மிணி, நீங்கள் சொன்னதை வீட்டம்மா ரெண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். கார்டியனுக்குக் கடிதம் பையன் எழுதுகிறான். போர்வை சென்னிமலையில் நானே போய் எடுக்கப் போகிறேன். ஃபாதரும் நானும் ஸ்வாஹிலியும் இங்கிலீஷும் கலந்துதான் பேசுவோம், திட்டுவது மட்டும் அவரவர் பாஷையில்.

குமரன் தம்பி, இந்தத் தண்ணீர் கதை எனக்குத் தெரியவே தெரியாது. இத்தனை வருடம் கூட இருந்தும் அவர் ஊரில் தண்ணீர் எப்படி என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. நேற்று சாயந்திரம் பிரதரிடம் சொல்லி போன் போட்டு, ஃபாதரிடம் அதையே கேட்டேன். நல்ல தெளிவாக இருந்தார். அவர் அம்மா வீட்டு முற்றத்தில் தொட்டி இருந்ததாம். கோடையின் கடைசியில் அடித் தண்ணீரை இறைக்கும்போது இவரைத்தான் முதலில் குடித்துப் பார்க்கச் சொல்வார்களாம், மூத்த பையன் என்று. அப்புறம் கொமோக் என்ற ஊரில் நாங்கள் போட்ட போர் இன்னும் ஓடுகிறதா என்று என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். விசாரித்துக்கொண்டு வா என்றார்.

அங்கே எங்களோடு வேலை செய்த சோமாலி டிரைவர் ஒருவர் இப்போது நைரோபியில் இருக்கிறார், அவர் மூலமாக விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அக்டோபர் என்று முடிவு செய்துவிட்டோம். மாலுமித் தம்பி, தானியக் குழி மூடிகளைக் கட்டாயம் பார்க்கிறேன், பாறையில் துளை என்றால் விடுவேனா. ஜெஸி அம்மிணி, நாற்காலி ஏறும் வண்டியை அங்கே எத்தனை நாள் முன்னால் சொல்லி வைக்க வேண்டும், அரை நாளைக்கா முழு நாளைக்கா கொடுப்பார்கள் என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். சிஸ்டருக்கு முழங்கால் வலியாம், நாங்கள்தான் கோசோவுக்குப் போக வேண்டியிருக்கும்.